பதினாலில் உரிந்த ஒன்று

— அப்போ கையெழுத்து போட முடியாதா தம்பி? அதை மட்டும் சொல்லு.

— போடலாம், போட முடியாமலும் போகலாம் ஐயா. அது என் கையில இல்லை, டாக்டர் எழுதுற சீட்டுல இருக்கு. கட்டைவிரலை விட்டு மாவுக்கட்டு கட்டச் சொன்னாருன்னா, ரெண்டு நாள்ல வீக்கம் வடிஞ்சதும் மெதுவாப் பேனா பிடிக்கலாம். கட்டைவிரலையும் சேத்துக் கட்டச் சொன்னாருன்னா, ஆறு வாரத்துக்குப் பேனாவை மறந்துட வேண்டியதுதான்.

— ஆறு வாரமா? எனக்கு வியாழக்கிழமைக்குள்ள வேணும். இன்னைக்குத் திங்கள்.

— சிஸ்டர், ஐயாவோட சீட்டு இன்னும் வரலையா?

— எங்க வரும் அண்ணே? டாக்டர் வார்டு சுத்தப் போயிருக்காரு. எக்ஸ்ரேயைப் பாத்து எழுதிக் குடுத்து அனுப்பணும். சொல்லப்போனா அவரு இப்போதான் ரெண்டாவது மாடியில இருப்பாரு. அதுக்குள்ள தண்ணி புடிச்சு வச்சிடுறேன். சுடுதண்ணியா, பச்சைத் தண்ணியா?

— வெதுவெதுன்னு இருந்தாப் போதும். ரொம்பச் சூடா இருந்தா மாவு சட்டுன்னு இறுகிடும். ஐயா, கையை இந்தத் தலகாணி மேல வைங்க. மோதிரத்தைக் கழட்டிடலாம், இன்னும் வீங்கினா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். கொஞ்சம் சோப்புத் தண்ணி விடுறேன். மெதுவா, மெதுவா.

— அம்மாடி.

— ஆச்சு, வந்துடுச்சு. இடது பாக்கெட்ல போட்டுக்குங்க.

— அப்படி என்ன ஐயா தலைபோற கையெழுத்து? யாருக்காவது ரிஜிஸ்டர் கல்யாணமா, சாட்சிக் கையெழுத்துப் போடணுமா?

— கல்யாணமா இருந்தா இடது கையிலயே கிறுக்கிட்டு வந்திருப்பேன்மா. இது ரெண்டு பாயிண்ட்.

— என்ன ரெண்டு பாயிண்ட்?

— பாஸ்கெட்பால். நான் லீக்ல ஸ்கோர் எழுதினவன். ஆட்டக்காரங்க ஆடுவாங்க, ரெஃபரி விசில் ஊதுவாரு. ஓரத்துல ஒரு மேஜையைப் போட்டு, யாரு எத்தனை போட்டான், யாரு ஃபவுல் பண்ணினான்னு தாள்ல ஏத்துறவன் ஒருத்தன் இருப்பான் பாரு, அது நான். துல்லியமாச் சொன்னா, முப்பத்தொரு வருஷம், எண்ணூத்தி அறுபத்திரண்டு மேட்ச். பொழுதுபோக்குக்கு ஆடுற கூட்டம் இல்லை, சம்பளத்துக்கு ஆடுறவங்க. அதுல ஒரே ஒரு தப்பு பண்ணிட்டேன்.

— எண்ணூத்திச் சொச்சத்துல ஒண்ணா? நாங்க ஒரு நாளைக்கு நாலு தப்பு பண்றோம். இல்லையா அண்ணே?

— நீங்க உங்களைப் பத்தி மட்டும் சொல்லுங்க சிஸ்டர்.

— இந்தத் தப்பு எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுதும்மா. லீக் ஆரம்பிச்சதுல இருந்து ஆடின எல்லாருடைய கணக்கையும் சேத்து ஒரு புத்தகம் போடுறாங்க. சரிபாக்க என்னைக் கூப்பிட்டாங்க. பழைய தாளோட காப்பியெல்லாம் என் வீட்டுப் பரண்ல இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டே வர்றேன். ஒரு தாள்ல, ஒரு டீமோட கேப்டன், நாலாம் நம்பர், முப்பத்தேழாவது நிமிஷத்துல அஞ்சாவது ஃபவுல் வாங்கி வெளியே போறாரு. அஞ்சு ஆயிடுச்சுன்னா போனவன் போனவன்தான், அந்த மேட்ச்ல திரும்ப வரக் கூடாது. அஞ்சாவது ஃபவுலுக்குப் பக்கத்துல நிமிஷத்தைக் குறிச்சு வைக்கிறது என் பழக்கம், வேற யாரும் செய்ய மாட்டாங்க. சரியா? முப்பத்தொம்பதாவது நிமிஷத்துல அதே நாலாம் நம்பர் ஒரு பாஸ்கெட் போட்டதா எழுதியிருக்கேன். என் கையெழுத்துல.

— வெளியே போனவரு எப்படி ஐயா போட்டாரு?

— அதைத்தான்மா நானும் கேட்டேன். பெஞ்ச்ல உக்காந்திருந்த ஆளு எந்திரிக்காமலே பாஸ்கெட் போட்டிருக்காரு, என் தாள்ல. யோசிச்சுப் பாத்தா, கேப்டனுக்குப் பதிலா உள்ள வந்தது ஒரு புதுப் பையன். பதினாலாம் நம்பர். நெட்டையா, ஒல்லியா இருப்பான். ஏணின்னு கூப்பிடுவாங்க. அந்தப் பாஸ்கெட் அவனுது. அதை நான் கேப்டன் பேர்ல எழுதித் தொலைச்சிருக்கேன். அந்தப் பையன் டீம்ல இருந்ததே மொத்தம் பதினோரு மேட்ச். எல்லாத் தாளையும் தேடிட்டேன், வேற ஒரு பாயிண்ட் கூட இல்லை. அவன் வாழ்க்கையில போட்டதே அது ஒண்ணுதான். அதை எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்திருக்கேன்.

— அதுக்கா இந்தக் கையெழுத்து?

— அதுக்குத்தான். புத்தகம் போடுறவங்க ஒரு கடிதம் கேக்குறாங்க. வாய்ப்பேச்சு செல்லாதாம். எழுதினவன் தானே திருத்தணும், தாள்ல இருக்கிற பழைய கையெழுத்தோட புதுக் கையெழுத்தை ஒத்துப் பாப்பாங்களாம். கடிதத்தை அடிச்சு வச்சிருக்கேன், சட்டைப் பையில இருக்கு பாரு. வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது. அந்த ஒரிஜினல் காப்பியை எடுக்கத்தான் காலையில பரணுக்கு ஸ்டூல் போட்டேன். காப்பி கைக்கு வந்துடுச்சு, நான் கீழ வந்துட்டேன்.

— அடப்பாவமே. இடது கையில போட்டுப் பாத்தீங்களா?

— வண்டியில வரும்போதே பாத்தேன். கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. வலது கையில பேனாவைப் பிடிச்சேன், உயிர் போயிடுச்சு.

— கை உடைஞ்சா போகத்தானே செய்யும். வீக்கம் வடியட்டும் ஐயா, ரெண்டு நாள் பொறுங்க. புதன்கிழமை போட்டு அனுப்பிடலாம், சீட்டு மட்டும் சாதகமா வரட்டும். அண்ணே, பக்கத்து ரூம்ல பயிற்சிக்கு ஆயிரம் ஐயா வந்துட்டாரு போல, சக்கர நாற்காலிச் சத்தம் கேக்குது. நான் ஒரு எட்டு போய் அவரை உக்கார வச்சிட்டு வந்துடட்டுமா?

— போயிட்டு வாங்க. நான் கையைத் துடைச்சு வைக்கிறேன்.

— தம்பி, நீ ஒண்ணுமே பேச மாட்டேங்குறியே.

— வேலை பாக்கும்போது நான் அதிகம் பேசுறதில்லை ஐயா. விரலை விரிங்க. உணர்ச்சி இருக்கா? இங்க தொட்டாத் தெரியுதா?

— தெரியுது. உனக்குப் பாஸ்கெட்பால் எல்லாம் பிடிக்காது போல.

— அப்படியெல்லாம் இல்லை.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. தப்பை விடு, தப்பு யாரும் பண்ணலாம். பதினாலு எப்படி என் கண்ணுக்கு நாலாத் தெரிஞ்சுது? ஒரு வாரமாத் தூக்கமில்லை. தாள் எழுதுறவன் மூஞ்சியைப் பாக்க மாட்டான், நம்பரைத்தான் பாப்பான். கண்ணு நம்பரைப் பாக்கும், கை தானா எழுதும். அந்தக் கண்ணு பொய் சொல்லியிருக்குன்னா, மீதி எண்ணூத்தி அறுபத்தொரு மேட்ச்சையும் எப்படி நம்புறது?

— ஒண்ணு உரிஞ்சு போயிருந்துச்சு ஐயா.

— என்ன?

— பதினாலுல இருக்கிற ஒண்ணு. அப்பல்லாம் நம்பரைத் துணியில வெட்டி ஒட்டுவாங்க. முதுகுப் பக்கம் இருந்த ஒண்ணு உரிஞ்சு விழுந்துடுச்சு. நாலு மட்டும்தான் மிச்சம். அந்தப் பையன் பந்தைப் போட்டதும் திரும்பி ஓடியிருப்பான். நீங்க முதுகைத்தான் பாத்திருப்பீங்க.

— உனக்கெப்படித் தெரியும்?

— கையை ஆட்டாதீங்க. எலும்பு நகந்துடும்.

— நகந்தா நகரட்டும். உனக்கெப்படித் தெரியும்? கொஞ்சம் எந்திரி. எந்திரிச்சு நில்லு.

— விளக்குல இடிக்கும் சார்.

— எந்திரி சொல்றேன்.

— சரி. பாத்தீங்களா, இடிச்சுது.

— ஏணி.

— ஆமா டேபிள் சார். அப்படித்தானே உங்களைக் கூப்பிடுவோம்.

— ஏணி. நீயாடா?

— நீங்க உள்ள வரும்போதே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பாக்கெட்ல ரெண்டு பேனா, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். முதல் பாதிக்குச் சிவப்பு, ரெண்டாவது பாதிக்கு நீலம். ரிட்டயர் ஆகியும் அதே மாதிரி குத்தியிருக்கீங்க.

— தெரிஞ்சும் இவ்வளவு நேரம் நான் புலம்புறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தியா?

— உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு. அந்தப் பாஸ்கெட்டை நான்தான் போட்டேன்னு என்னைத் தவிர வேற ஒருத்தர் சொல்லி இப்போதான் கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க.

— கோவமா? நான் உன் காலைப் பிடிக்க வேண்டியவன்டா. கை மட்டும் இப்படி இல்லைன்னா பிடிச்சிருப்பேன்.

— எதுக்கு சார்? உங்க கண்ணு பொய் சொல்லலை. நாலு இருந்துச்சு, நாலுன்னு எழுதினீங்க. அந்த எண்ணூத்தி அறுபத்தொண்ணும் சரிதான். இன்னைக்கு நல்லாத் தூங்குங்க.

— எப்படி உரிஞ்சுது? புது ஜெர்சிதானே உன்னுது?

— சொன்னா சிரிப்பீங்க. ஆடி உரியலை, உக்காந்து உரிஞ்சுது. பெஞ்ச்னு பேரு, போட்டிருந்தது பிளாஸ்டிக் நாற்காலி. பத்து மேட்ச் அதுல சாஞ்சு சாஞ்சு உக்காந்து, வேர்வையில ஒட்டிப் பிரிச்சு, ஓரம் கழண்டுடுச்சு. பதினோராவது மேட்ச்ல கேப்டன் வெளியே போனதும் கோச் என்னைப் பாத்துத் தலையாட்டினாரு. படக்குன்னு எந்திரிச்சேன். ஒண்ணு நாற்காலியிலயே தங்கிடுச்சு. மேட்ச் முடிஞ்சு வந்து உக்காரும்போதுதான் பாத்தேன். அதைப் பிச்சு எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.

— சிரிப்பு வரலை ஏணி. அந்தப் பாஸ்கெட் எனக்கு லேசா ஞாபகம் இருக்கு. இடது ஓரத்துல இருந்து போட்ட.

— வலது ஓரம் சார்.

— துல்லியமாச் சொல்லு.

— வலது ஓரம், கோட்டுக்கு ஒரு அடி உள்ள. பந்து என்கிட்ட வரவே வேண்டியதில்லை, எவன் கையிலயோ பட்டு வந்துச்சு. தூக்கிப் போட்டேன். போர்டுல பட்டு, வளையத்துல ரெண்டு தடவை உருண்டு, கொஞ்சம் யோசிச்சு, அப்புறம் உள்ள விழுந்துச்சு. அழகான பாஸ்கெட்னு சொல்ல மாட்டேன். ஆனா உள்ள விழுந்துச்சு.

— அன்னைக்கே வந்து என்கிட்ட சொல்லியிருக்கலாமே. மேட்ச் முடிஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள சொன்னாத் திருத்திக் குடுத்திருப்பேனே.

— மறுநாள் பேப்பரைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். கேப்டன் இருபத்துநாலு, நான் ஒண்ணுமில்லை. சரி போகுது, அடுத்த மேட்ச்ல ஒண்ணு போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்.

— அடுத்த மேட்ச்தான் இல்லையே.

— புதன்கிழமை பிராக்டீஸ்ல முட்டி போயிடுச்சு. இதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வந்தாங்க. இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டிலுக்கு வெளியே கால் நீட்டிக்கிட்டு இருக்கும், போறவன் வர்றவனெல்லாம் இடிச்சுட்டு மன்னிப்புக் கேப்பான். கட்டைப் பிரிச்ச அன்னைக்கு இந்த ரூம்ல ஆள் தேவைன்னு சொன்னாங்க. இருபத்தாறு வருஷம் ஆச்சு.

— அண்ணே, சீட்டு வந்துடுச்சு. ஆயிரம் ஐயாவைச் சாய்ச்சு உக்கார வச்சாச்சு. இன்னைக்கு மூடு நல்லா இருக்கு, என்னைப் பாத்ததும் ஆயிரம் சொல்லிட்டாரு. என்ன ரெண்டு பேரும் ஒரு மாதிரி இருக்கீங்க? ஐயாவுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. ரொம்ப இழுத்துட்டீங்களா?

— இல்லைம்மா. உங்க அண்ணன் லீக்ல ஆடினவர்னு உனக்குத் தெரியுமா?

— யாரு, இவரா? ஸ்டோர் ரூம்ல மேல் தட்டுல இருக்கிற பெட்டியை எடுக்க எல்லாரும் இவரைத்தான் கூப்பிடுவோம். அதைத் தவிர ஒண்ணும் தெரியாதே. அண்ணே, இருபத்தாறு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே.

— என்னன்னு சொல்றது சிஸ்டர்? பதினோரு மேட்ச், ஜீரோ. எம்பையன் ஸ்கூல் படிக்கும்போது கம்ப்யூட்டர்ல என் பேரைத் தேடிப் பாத்திருக்கான். லீக் பக்கத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஒரு பாஸ்கெட் போட்டிருக்கேன்டா, மாத்தி எழுதிட்டாங்கன்னு சொன்னேன். என்னைப் பாத்துட்டு, பரவாயில்லைப்பான்னான். கேலி பண்ணியிருந்தாத் தாங்கியிருப்பேன். பரவாயில்லைன்னுட்டான். அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கலை.

— இப்ப எடு. புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் மூஞ்சி முன்னாடி வை. பதினோரு மேட்ச், ரெண்டு பாயிண்ட். அதுக்குத்தான் நான் கையை உடைச்சுக்கிட்டு வந்திருக்கேன்.

— சார், கேப்டனுக்கு மொத்தம் எத்தனைன்னு பாத்தீங்களா?

— பாக்காம இருப்பேனா? ஆயிரம். ஒண்ணு கூடவும் இல்லை, ஒண்ணு குறையவும் இல்லை. கடைசி மேட்ச்ல ஆயிரமாவதைப் போட்டுட்டு, பந்தைக் கீழ வச்சுட்டு நடந்து போனாரு. நான்தான் எழுதினேன்.

— அதுல ரெண்டு போனா?

— தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு. தெரியும்டா. ஆயிரம் போட்டவங்கன்னு புத்தகத்துல தனிப் பக்கம் இருக்கு, ஏழு பேரு. இனி ஆறு பேரு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? உன்னுது உனக்கு. அவருக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டேன், வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எத்தனையோ கைதட்டல் வாங்கின மனுஷன், ரெண்டு பாயிண்ட்ல குறைஞ்சு போயிட மாட்டாரு.

— சிஸ்டர், அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க. பக்கத்து ரூம்ல என்ன பேசுறாருன்னு சார் கேக்கட்டும்.

— ஆயிரம் ஐயாவா? இருங்க. ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?

— ஆயிரம்.

— வலி இருக்கா?

— ஆயிரம்.

— கேட்டீங்களா? எதைக் கேட்டாலும் இதுதான் ஐயா. பக்கவாதம் வந்து பதினாலு மாசமாச்சு. பேச்சு மொத்தமும் போயிடுச்சு, இந்த ஒரு வார்த்தை மட்டும் தங்கிடுச்சு. பசிச்சா ஆயிரம், கோவம் வந்தா ஆயிரம், பொண்டாட்டியைக் கூப்பிடுறதும் ஆயிரம்தான். நான் என்னவோ பேங்க்ல வேலை பாத்தவருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

— அந்தக் குரல். ஏணி, அது...

— கேப்டன்தான் சார். திங்களும் வெள்ளியும் கையைக் காலை நீட்டி மடக்கக் கூட்டிட்டு வருவாங்க. அவரு கைக்குத் தாங்கு கட்டை நான்தான் செஞ்சு போட்டேன். முதல் நாள் என்னைத் தெரியுதான்னு கேட்டேன். ஆயிரம்னாரு. தெரியுதுன்னு சொன்னாரோ, தெரியலைன்னு சொன்னாரோ.

— எனக்குத் தெரியாதேடா. உடம்பு முடியலைன்னு மட்டும்தான் சொன்னாங்க.

— அவங்க வீட்டம்மா புத்தகத்துக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. அந்த ஏழு பேர் பக்கத்தைப் பெருசாக்கி, கட்டிலுக்கு எதுக்க மாட்டப் போறாங்களாம். இவரு இந்த வார்த்தையைச் சொல்லும்போது எல்லாரும் பைத்தியம்னு நினைக்கிறாங்க, சுவத்துல எழுதியிருந்தா அர்த்தம் இருக்குன்னு தெரியும்ல தம்பின்னு போன வெள்ளிக்கிழமை என்கிட்ட சொன்னாங்க. அந்த ஆயிரத்துல ரெண்டு என்னுதுன்னு எனக்குத் தெரியும். நான் என்ன சொல்ல? சரிங்கம்மான்னேன்.

— இதை எதுக்குடா இப்போ என்கிட்ட சொல்ற?

— நீங்க தெரிஞ்சுக்கணும்னு சொன்னேன். அந்தக் கடிதம் வேணாம் சார். விட்டுடுங்க.

— விட மாட்டேன். பரிதாபத்துக்கு ஸ்கோர் எழுத ஆரம்பிச்சா அப்புறம் அது தாளே இல்லை. ஒரு தடவை கோச் ஒருத்தர் என் சட்டையைப் பிடிச்சிருக்காரு, தெரியுமா? அப்பவும் மாத்தலை. உண்மையில யாரு போட்டா? அது ஒண்ணுதான் கேள்வி. நீ போட்ட. நான் சாகுறதுக்குள்ள அதை உன் பேர்ல எழுதிட்டுத்தான் போவேன். வலிச்சுதா இல்லையா, உண்மையைச் சொல்லு.

— வலிச்சுது சார். பத்து வருஷம் நல்லாவே வலிச்சுது. வேணாம்னு சொன்னாலும் ஆசையாத்தான் இருக்கு, பொய் சொல்லலை.

— அப்புறம் என்ன? கட்டு. கட்டி விடு. புதன்கிழமை போட்டு அனுப்புறேன்.

— சீட்டு எங்க சிஸ்டர்?

— இந்தாங்க. அய்யோ, ஆயிரம் ஐயா ஒரு பக்கமாச் சரியுறாரு. நான் போறேன் அண்ணே, தண்ணி பக்கத்துலயே இருக்கு.

— சரி, போங்க.

— என்னடா போட்டிருக்கு சீட்டுல? இவ்வளவு நேரமாப் படிக்கிற?

— டாக்டர் எழுத்து சார். உங்க எழுத்து மாதிரி இருக்காது.

— கட்டைவிரலை விட்டா, சேத்தா?

— சேத்துத்தான் சார்.

— சரியாப் பாரு.

— பாத்துட்டேன். விழும்போது கையை ஊனியிருக்கீங்கல்ல, அப்படித்தான் ஆகும். இப்போ பஞ்சு சுத்துறேன். ஒரு டம்ளரைப் பிடிச்சிருக்கிற மாதிரி விரலை வச்சுக்குங்க. அப்படித்தான். மாவு ரோல் போடுறேன், முதல்ல ஜில்லுனு இருக்கும், அப்புறம் சூடாகும். பயப்படாதீங்க, அது இறுகுற சூடு.

— போச்சு. எல்லாம் போச்சு. எட்டு மணிக்கு ஏறாம ஒம்பது மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் வந்ததும் ஏறியிருக்கலாம். என் பொண்டாட்டி தலைபாடா அடிச்சுக்கிட்டா.

— வீட்ல அம்மா நல்லா இருக்காங்களா?

— பேச்சை மாத்தாதே. முப்பத்தொரு வருஷத்துல ஒரு தப்பு. அதைச் சரி பண்ண ஒரு வாரம் கிடைச்சுது. அதையும் தவற விட்டுட்டேன். உன் பையன் கடைசி வரைக்கும் ஜீரோன்னுதான் பாப்பான்.

— அசைக்காதீங்க சார். இன்னும் ரெண்டு சுத்துதான். மெதுவா, மெதுவா. உங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு. என் முன்னாடி உக்காந்து, நீதான் போட்டன்னு சொன்னீங்க. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் அந்தப் பந்து எனக்கு உள்ள விழுந்த மாதிரி இருக்கு.

— இப்படியெல்லாம் பேசாதேடா. எனக்குத் தாங்காது.

— சரி, பேசலை. சூடு வருதா?

— வருது. ஏணி, அந்தப் பிளாஸ்டிக் கவர்ல இருக்கிற காப்பியை எடு. ரோஸ் கலர் தாள். மேஜையில விரி.

— என் கை ஈரமா இருக்கு.

— துடைச்சுட்டு எடு. முப்பத்தொம்பதாவது நிமிஷம், கடைசிக் கட்டத்துக்கு முந்தினது. தெரியுதா? நீலத்துல ஒரு நாலு.

— தெரியுது.

— என் பாக்கெட்ல இருந்து நீலப் பேனாவை எடுத்து மூடியைக் கழட்டி என் இடது கையில குடு. தாளை நல்லா அமுக்கிப் பிடிச்சுக்க, நகரக் கூடாது.

— என்ன சார் பண்ணப் போறீங்க?

— கையெழுத்துதான் போட முடியாது. ஒண்ணு போட இடது கை போதும்டா. ஒரு கோடுதானே. இந்தா. நாலுக்கு முன்னாடி ஒண்ணு. கொஞ்சம் கோணிக்கிச்சு.

— கோணினாப் பரவாயில்லை சார்.

— பதினாலு. இது என் சொந்தக் காப்பி, செல்லாது, எவனும் ஏத்துக்க மாட்டான். ஆனா சரியான தாள் இதுதான். வச்சுக்க. உன் பையன்கிட்ட காட்டு. நம்பலைன்னா என்கிட்ட கூட்டிட்டு வா, நான் பேசிக்கிறேன்.

— சார்.

— அழாதேடா. மாவுல தண்ணி படப் போகுது.

— அண்ணே, ஆயிரம் ஐயாவைச் சரியா உக்கார வச்சாச்சு. அட, கட்டும் முடிஞ்சுதா? சொல்லப்போனா இன்னைக்கு வழவழன்னு ரொம்ப அழகா வந்திருக்கு.

— அழகா வந்து என்னம்மா பிரயோஜனம்? கட்டைவிரல் உள்ள போயிடுச்சு. சரி, விதி. ஏணி, நான் போறப்ப கேப்டனை ஒரு பார்வை பாத்துட்டுப் போகலாமா?

— தாராளமா. அவருக்கு உங்களை அடையாளம் தெரியாம போகலாம், மனசுல வச்சுக்காதீங்க. கையைத் தொங்கப் போடாதீங்க, கழுத்துல மாட்டின தூளியிலயே இருக்கட்டும். விரல் நீலம் பாரிச்சா உடனே வந்துடுங்க. இல்லைன்னா வெள்ளிக்கிழமை காலையில வாங்க, நான் பாக்கணும்.

— வெள்ளிக்கிழமை எதுக்கு? ஆறு வாரம்னு சொன்னியே.

— கட்டு இறுக்கமா இருக்கா, தளர்வா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடலாம். மறக்காம வாங்க.

— வர்றேன். எனக்கென்ன, வியாழக்கிழமைக்கு அப்புறம் வேலையே இல்லை.

— பாத்துப் போங்க ஐயா, வாசப்படி இருக்கு. அண்ணே, பாவம் அந்தப் பெரியவரு. ரிஜிஸ்டர்ல நானே ஏத்திடுறேன், சீட்டு எங்க? தட்டுக்கு அடியில வச்சிருக்கீங்களா? வலது மணிக்கட்டு, ஆறு வாரம்... அண்ணே.

— ம்.

— கட்டைவிரலை விட்டுக் கட்டவும்னுல்ல எழுதியிருக்கு. கீழ ரெண்டு கோடு வேற போட்டிருக்காரு டாக்டர்.

— ம்.

— நீங்க சீட்டைத் தப்பாப் படிச்சு நான் ஒரு நாளும் பாத்ததில்லையே. கூப்பிடட்டுமா? பக்கத்து ரூம்லதான் நிக்கிறாரு, குரல் கேக்குது.

— வேணாம் சிஸ்டர். ரெண்டு பேரும் பேசிட்டு இருக்கட்டும்.

— அப்போ அந்தக் கட்டைவிரல்?

— இன்னைக்குத் திங்கள்தானே? புத்தகம் வியாழக்கிழமை அச்சுக்குப் போயிடும். வெள்ளிக்கிழமை அவரு வந்ததும் முதல் வேலையாத் திறந்து விட்டுடுறேன்.